ரயிலின்மீது கல்லெறியும் பிள்ளைகள்

சென்னைப் பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலையில் நம் தொழிலாளர்கள் உருவாக்கி அனுப்பிய முதல் 'வந்தே பாரத்' வண்டி, 2019-ம் வருஷம் பிப்ரவரி மாதம் 15-ந் தேதி டில்லியில் தொடங்கி வைக்கப்பட்டது. அதற்கு முந்திய சோதனை ஓட்டத்திலேயே அதன் ஜன்னல் கண்ணாடியொன்று கல்லடிபட்டு உடைந்தது. அன்று முதல் அவ்வண்டி எந்தத் திக்கில் சென்றாலும், அதற்கு மாலை போடும் கூட்டம் ஒருபுறமும் கல் போடும் கை மற்றொருபுறமுமாகக் காத்திருக்கின்றன. 2019 முதல் 2023 ஜூன் வரையில் வந்தே பாரத் வண்டிகளுக்குக் கல்லெறியால் நேர்ந்த நஷ்டம் 55 லட்சத்து 60 ஆயிரம் ரூபாய் என்றும், அதன் சம்பந்தமாக 151 பேர் கைது செய்யப்பட்டனர் என்றும் ரயில்வே மந்திரி 2023 ஜூலையில் பார்லிமெண்டில் தெரிவித்தார். இது ஒரு வகை வண்டியின் கணக்கு மட்டுமே. ஏழை எளியவர்கள் ஏறும் பாசஞ்சர் வண்டிகளிலும், சென்னையின் புறநகர் மின்சார வண்டிகளிலும் அடிபடுபவர்களுக்கு இவ்வளவு பிரசித்தி கிடைப்பதில்லை. அவற்றில் ஜன்னலோரம் உட்கார்ந்து கண்ணிலும் நெற்றியிலும் காயமடைந்தவர்களைப் பற்றிப் பத்திரிகைகளில் நாலு வரி வந்தால் அதிகம்.

கல்லை எறிபவர் யார்? சதிகாரர்கள், அந்நியக் கைக்கூலிகள் என்று சிலர் மேடைகளில் முழங்குகிறார்கள். அப்படிப்பட்டவர்களும் எங்கேனும் இருக்கலாம். ஆனால் ரயில்வே பாதுகாப்புப் படையினர் தண்டவாளத்தோரக் கிராமங்களிலும் குடிசைப் பகுதிகளிலும் தேடிச் செல்லும்போது, பல தடவைகளில் அவர்கள் கையில் அகப்படுபவர்கள் மீசை அரும்பாத சிறுவர்களே. ஏன் எறிந்தாய் என்றால் விளையாட்டுக்கு என்பான் ஒருவன். குறி தப்பாமல் அடிப்பது யார் என்று பந்தயம் என்பான் மற்றொருவன். மணிக்கு 130 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டியில் ஒரு கல் மோதினால், அந்தக் கல்லே 130 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு மனிதன் முகத்தை நோக்கி வீசப்பட்டதற்குச் சமானம் என்பதை அவனுக்கு யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள். கல்லை விட்டவுடன் வண்டி போய்விடுகிறது. யார்மேல் பட்டது, என்னவாயிற்று என்பது அவனுக்குத் தெரிவதேயில்லை.

இவ்விஷயத்தில் நம்மிடையே இரண்டு கட்சிகள் இருக்கின்றன. 'அடியாத மாடு படியாது. நாலு பேரைப் பிடித்து உள்ளே தள்ளினால் மற்றவர்கள் அடங்குவார்கள்' என்பது ஒரு கட்சி. 'அறியாப் பிள்ளைகள், புத்தி சொல்லி அனுப்பிவிடுங்கள்' என்பது மற்றொன்று. முதற் கட்சியார் பிறர் பிள்ளைகளை மனத்தில் வைத்தும், இரண்டாங் கட்சியார் தம் பிள்ளைகளை மனத்தில் வைத்தும் பேசுகிறார்கள் என்பது நமது அனுபவம். இரு கட்சியாரும் ஒரு மனிதனை அடியோடு மறந்துவிடுகிறார்கள். கண்ணாடி உடைந்தபோது அதன் பின்னால் உட்கார்ந்திருந்தவன் அவன். அவனை இந்த விவகாரத்தின் நடுவே கொண்டுவந்து, உடைத்த பையனுக்கு எதிரே நிறுத்தினாலன்றி வழி பிறக்காது என்பதே நாம் இன்று சொல்ல விரும்புவது.

அதைச் சொல்லுமுன் வேறொன்றைப் பிரித்துவிட வேண்டும். 2022 ஜூன் மாதத்தில் அக்னிபத் ராணுவத் திட்டத்தை எதிர்த்துப் பீகாரிலும் செகந்திராபாத்திலும் வாலிபர்கள் ரயில் பெட்டிகளுக்குத் தீ வைத்தார்கள். அதற்குப் பின்னால் ஒரு மனக்குறையும், ஒரு கூட்டமும், தூண்டிவிட்டவர்களும் இருந்தார்கள். பொதுச் சொத்து நாசத் தடுப்புக்கென்று 1984-ல் ஏற்பட்ட சட்டம் அத்தகையவர்களுக்காகவே இருக்கிறது. நாம் இங்கே பேசுவது அவர்களைப் பற்றியல்ல. 1942 ஆகஸ்டில் சூலூர் விமானத் தளத்தை எரித்தவர்களையும், தண்டவாளம் பெயர்த்தவர்களையும், தந்திக் கம்பி அறுத்தவர்களையும் இந்தப் பையன்களோடு சேர்த்துப் பேசுவதும் பொருந்தாது. அவர்கள் செய்தது சரியா என்று அக்காலத்திலேயே தேசபக்தர்களிடையே பலத்த விவாதம் நடந்தது. ஆனால் சிறையும் தடியடியும் கூட்டு அபராதமும் வருமென்று தெரிந்தே அவர்கள் செய்தார்கள்.

ஆயினும் இந்தப் பத்திரிகையைப் படிக்கும் தொண்டர்களுக்கு ஒரு வார்த்தை. தெருவோரத்தில் நிற்கும் பையன் பெரியவர்களைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்கிறான். ஹர்த்தால் நாளன்று பஸ் கண்ணாடியை உடைத்தவனை ஜாமீனில் எடுத்து மாலை போட்டு அழைத்துவரும் வழக்கம் எந்தக் கட்சியிலும் இல்லை என்று நம்மால் சொல்ல முடியுமா? பொது இடங்களை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்க நமது சட்டசபை 1959-லேயே ஒரு சட்டம் செய்தது. அந்தச் சட்டத்தைச் சுண்ணாம்பும் காவியும் கொண்டு சுவர் சுவராக மீறி வருகிறவர்கள் பள்ளிப் பிள்ளைகளா? சித்தன்னவாசலிலும் செஞ்சியிலும் பெயரைக் கீறிவிட்டு வருகிறவர்களில் குடும்பத்தோடு போன கனவான்களும் உண்டு. புராதனச் சின்னங்களைச் சேதப்படுத்துவோருக்கு 2 வருஷச் சிறையும் 1 லட்சம் ரூபாய் அபராதமும் விதிக்கலாம் என்று 2010-ல் சட்டம் கடுமையாக்கப்பட்ட பிறகும் கீறல்கள் நின்றபாடில்லை.

இனிப் பையன்களுக்கு வருவோம். சட்டம் இவர்களை என்ன செய்யச் சொல்கிறது? 1989-ம் வருஷத்து ரயில்வே சட்டத்தின் 153-வது பிரிவின்படி, பிரயாணிகளின் பத்திரத்துக்கு வேண்டுமென்றே பங்கம் விளைவிப்பவனுக்கு 5 வருஷம் வரையில் சிறைவாசம் உண்டு. மனிதருக்குக் காயம் விளைவிக்கும் கருத்துடன் ரயிலின்மீது எறிந்தால் 152-வது பிரிவின்படி 10 வருஷம் வரையிலோ, ஆயுள் முழுவதுமோகூட விதிக்கலாம். ரயில்வே அதிகாரிகள் பள்ளிக்கூடங்களுக்குச் சென்று இதைத்தான் உரக்கப் படித்துக் காட்டுகிறார்கள். ஆனால் எறிந்தவனுக்கு 18 வயது நிரம்பவில்லையென்றால் அவன் போகவேண்டிய இடம் இளைஞர் நீதிக் குழுமம். ஒரு மாஜிஸ்டிரேட்டும் சமூக ஊழியர் இருவரும் சேர்ந்த சபை அது. ஊழியர்களில் ஒருவராவது பெண்ணாயிருக்க வேண்டும். 2015-ம் வருஷத்து இளைஞர் நீதிச் சட்டத்தின் 18-வது பிரிவின்படி அந்தச் சபையார் கண்டித்து வீட்டுக்கு அனுப்பலாம். சமூக சேவை செய்யச் சொல்லலாம். அபராதம் கட்டச் சொல்லலாம். நன்னடத்தைக் கண்காணிப்பில் விடலாம். வேறு வழியில்லையென்றால் 3 வருஷத்துக்கு மேற்படாமல் சிறப்பு இல்லத்தில் வைக்கலாம். எந்தக் காரணத்தைக் கொண்டும் அவனைப் போலீஸ் லாக்கப்பிலோ ஜெயிலிலோ அடைக்கக் கூடாது.

இதைக் கேட்டவுடன் முதற் கட்சியார் சிரிப்பார்கள். பிரம்பை எடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பார்கள். பிரம்பு இந்நாட்டுக்குப் புதிதல்ல. 1864-லும் 1909-லும் வெள்ளையர் சர்க்கார் செய்த கசையடிச் சட்டங்களில் சிறுவர்களை அடிப்பதற்கென்றே தனி ஏற்பாடு இருந்தது. ஒத்துழையாமை இயக்கத்தின்போது காசியில் ஒரு 15 வயதுப் பையனை மாஜிஸ்டிரேட் பெயர் கேட்டபோது 'ஆஜாத்' என்றான். கசையடி கொடுத்தார்கள். அடித்த சர்க்காருக்கு அடங்கின பிள்ளை கிடைக்கவில்லை. சந்திரசேகர ஆஜாத் கிடைத்தார். அவர் செய்தது காலித்தனம் அல்ல என்பது உண்மையே. ஆனால் அடி என்பது அடிபட்டவன் மனத்தில் அடித்தவனைப் பற்றிய எண்ணத்தை நிறைத்துவிடுகிறது, தான் செய்ததைப் பற்றிய எண்ணத்துக்கு அங்கே இடம் வைப்பதில்லை என்ற விதி, வீரனுக்கும் போக்கிரிக்கும் பொதுவானது. சுதந்திர இந்தியா 1955-ல் அந்தக் கசையடியைச் சட்டம் போட்டு ஒழித்தது.

சிங்கப்பூரைப் பார் என்பார்கள். பார்ப்போம். அங்கே 1966-ல் ஏற்பட்ட சொத்து நாசச் சட்டம், சுவரில் சாயம் பூசுபவனுக்கும் பிரம்படி விதிக்கிறது. எதிர்க்கட்சியார் இரவில் சுவர்களில் எழுதிய கோஷங்களும் அச்சட்டம் பிறந்ததற்கு ஒரு காரணம் என்பதை இங்கே அதைப் புகழ்பவர்கள் சொல்வதில்லை. அரசியல் ஊழியர்கள் அதை மறவாமலிருப்பது நலம். 1994-ல் கார்களின்மீது சாயம் தெளித்ததற்காகவும் தெருப் பலகைகளைத் திருடி வைத்திருந்ததற்காகவும் 18 வயது அமெரிக்க வாலிபன் ஒருவனுக்கு அங்கே 4 மாதச் சிறையும், அபராதமும், 6 பிரம்படியும் விதித்தார்கள். அமெரிக்க ஜனாதிபதி கிளிண்டன் தலையிட்ட பிறகு ஆறு நாலாயிற்று. உலகமெல்லாம் இரண்டாகப் பிரிந்து, பிரம்பு கொடியதா நல்லதா என்று வாதாடிற்று. தன் காரில் சாயத்தோடு காலையில் எழுந்த மனிதனைப் பற்றி அந்த வாதத்தில் எத்தனை பேர் பேசினார்கள்? சிங்கப்பூர் சுத்தமான ஊர் என்பதை நாம் மறுக்கவில்லை. அங்கே போலீஸ் உண்டு, வேலை உண்டு, வீடு உண்டு, இரவில் வெளிச்சம் உண்டு. அத்தனையையும் விட்டுவிட்டுப் பிரம்பை மட்டும் கப்பலேற்றிக் கொண்டுவந்தால் சிங்கப்பூர் வந்துவிடாது.

அடிக்காவிட்டாலும் பயமுறுத்தலாமே என்பார் சிலர். அமெரிக்காவில் நியூ ஜெர்சியைச் சேர்ந்த ராவே சிறையில் 1970-களில் அதைச் செய்து பார்த்தார்கள். துஷ்டப் பிள்ளைகளைச் சிறைக்குள் அழைத்துச் சென்று, ஆயுள் கைதிகளைக்கொண்டு கத்தி மிரட்ட வைத்தார்கள். 1978-ல் அது சினிமாப் படமாக வந்து பெரும் புகழ் பெற்றது. பல ஊர்கள் அதைப் பின்பற்றின. பிற்பாடு ஆராய்ச்சியாளர்கள் நிதானமாகக் கணக்கெடுத்துப் பார்த்ததில், மிரட்டப்பட்ட பிள்ளைகள் மிரட்டப்படாத பிள்ளைகளைவிட அதிகமாகவே குற்றம் செய்திருந்தார்கள். ஒன்றும் செய்யாமல் விட்டிருந்தால்கூட நலமாயிருந்திருக்கும்!

அப்படியானால் இரண்டாங் கட்சியார் சொல்வதுதான் சரியோ? அதுவுமில்லை. 2024 மே மாதத்தில் புனாவில் 17 வயதுப் பையன் ஒருவன் ஓட்டிய விலையுயர்ந்த கார் மோதி வாலிபர் இருவர் உயிரிழந்தனர். சில மணி நேரத்துக்குள் ஜாமீன் கிடைத்தது; ரஸ்தா விபத்தைப் பற்றி 300 வார்த்தையில் வியாசம் எழுத வேண்டும் என்பது நிபந்தனைகளில் ஒன்று. தேசமே கொதித்தெழுந்த பிறகு அந்த உத்தரவு திருத்தப்பட்டது. உயிர் போன அந்த விவகாரம் கண்ணாடி உடைத்த விஷயமல்ல; அதன் நியாயத்தை இங்கே நாம் விசாரிக்கப் புகவில்லை. ஜனங்கள் ஏன் அவ்வளவு கோபமடைந்தார்கள் என்பதை மட்டும் கவனிக்க வேண்டும். வியாசம் என்பது காகிதத்தோடு முடிகிற காரியம். பிள்ளைகளை இழந்த வீட்டாருக்கும் அந்தப் பையனுக்கும் நடுவே அது ஒரு சம்பந்தத்தையும் உண்டாக்கவில்லை. அதிகாரிக்கும் வக்கீலுக்கும் தகப்பனார் பணத்துக்கும் நடுவே எல்லாம் முடிந்துவிட்டது போல் ஜனங்களுக்குத் தோன்றிற்று. இலேசாக விடுவதன் ஆபத்து இதுவே: அதில் தயவு பெறுகிறவன் பெரும்பாலும் வசதியுள்ள வீட்டுப் பிள்ளை. குடிசைப் பையனுக்கு அதே ஊரில் அதே குற்றத்துக்கு லத்தி காத்திருக்கிறது.

இப்பொழுது கனடா தேசத்தில் நடந்த ஒரு விஷயத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஒண்டேரியோ மாகாணத்தில் எல்மைரா என்ற சிற்றூர். 1974-ம் வருஷம் மே மாதம் 28-ந் தேதி இரவு, 18, 19 வயதுள்ள இரண்டு வாலிபர்கள் குடித்துவிட்டு ஊரைச் சுற்றி வந்து 22 இடங்களில் நாசம் செய்தார்கள். கார்களின் டயர்களைக் கிழித்தார்கள், ஜன்னல்களை உடைத்தார்கள், மாதாகோயிலையும் விடவில்லை, ஒரு படகும் தப்பவில்லை. யார்மீதும் அவர்களுக்குப் பகையில்லை. பிடிபட்டுக் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். வழக்கப்படி நடந்திருந்தால் சிறையோ அபராதமோ விதித்து விஷயம் முடிந்திருக்கும். ஊரார் கதவைத் தாளிட்டுக்கொண்டு சந்தேகத்தோடு காலம் கழித்திருப்பார்கள்.

மார்க் யாண்ட்ஸி என்ற நன்னடத்தை அதிகாரி, தம் சகாவோடு கலந்து, கோர்ட்டாருக்கு ஒரு யோசனை எழுதினார். இவ்விருவரும் தாங்கள் நாசம் செய்த ஒவ்வொரு வீட்டுக்கும் போய், வீட்டுக்காரரை முகத்துக்கு முகம் பார்க்கட்டும் என்பதே அது. நீதிபதி மக்கானல் அதற்குச் சட்டத்தில் இடமிருக்கிறதா என்று முதலில் தயங்கினார். பிறகு வழக்கை ஒத்திவைத்து, போய் வரும்படி உத்தரவிட்டார். அதிகாரியும் அவர் சகாவும் குறிப்புப் புத்தகத்தோடு ஒதுங்கி நின்றார்கள். வாலிபர்கள்தான் கதவைத் தட்டவேண்டும்; 'உங்கள் ஜன்னலை உடைத்தவர்கள் நாங்கள்' என்று தங்கள் வாயால் சொல்லவேண்டும்; எவ்வளவு நஷ்டம் என்று கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். ஊரைவிட்டுப் போய்விட்ட ஒருவர் தவிர மற்றெல்லோரையும் பார்த்தார்கள். சிலர் திட்டினார்கள். சிலர் உள்ளே அழைத்து, அன்றிரவு முதல் தாங்கள் எப்படிப் பயந்துகொண்டிருக்கிறோம் என்பதைச் சொன்னார்கள். இன்ஷூரன்ஸ் கம்பெனி கொடுத்தது போக மீதி நஷ்டத்தை ஈடுசெய்யும்படி கோர்ட்டார் தீர்ப்பளித்தார்கள். சில மாதங்களில் அவ்விருவரும் சம்பாதித்த பணத்தோடு அதே கதவுகளை மறுபடியும் தட்டினார்கள்.

இதைவிடச் சிறைவாசம் சுலபம் என்று நாம் நினைக்கிறோம். சிறையில் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும்; இங்கே இருபதுக்கு மேற்பட்ட மனிதர்களின் கண்களைப் பார்க்க வேண்டியிருந்தது. அவ்விருவரில் ஒருவர் பிற்காலத்தில் தாமே முன்வந்து தம் கதையைச் சொல்லி, இந்த முறைக்குப் பிரசாரகரானார். அந்தச் சிற்றூரில் தொடங்கிய வழக்கம் பல தேசங்களுக்குப் பரவியிருக்கிறது. நியூஸிலாந்து சர்க்கார் 1989-ல், மாவோரி மக்களின் பழைய வழக்கத்தைத் தழுவி, இளைஞன் குற்றம் செய்தால் அவன் குடும்பத்தாரும் நஷ்டமடைந்தவரும் ஒன்றுகூடிப் பேசி வழி காணவேண்டுமென்று சட்டமே செய்துவிட்டார்கள். இம்முறையால் குற்றம் அடியோடு ஒழிந்துவிடும் என்று யாரும் சொல்லவில்லை. மறுகுற்றம் ஓரளவு குறைகிறது, நஷ்டமடைந்தவர்களின் மனம் ஆறுகிறது என்றே ஆராய்ந்தவர்கள் சொல்லுகிறார்கள். அடியும் மிரட்டலும் இவ்வளவுகூடச் சாதித்ததில்லை.

நஷ்டமடைந்தவன் ஒரு தனி மனிதனாக இல்லாமல் ஒரு சமூகமே ஆகும்போது என்ன செய்வது? அதற்கும் ஓர் உதாரணம் இருக்கிறது. ஐக்கிய அமெரிக்காவில் வர்ஜீனியாவைச் சேர்ந்த ஆஷ்பர்ன் என்னும் ஊரில், கறுப்பு இனக் குழந்தைகள் தனியாக ஒதுக்கி வைக்கப்பட்டுப் படித்த காலத்துப் பழைய பள்ளிக்கூடம் ஒன்று உண்டு. 19-ம் நூற்றாண்டின் கட்டடம் அது. 2016-ல் 16, 17 வயதுள்ள ஐந்து பையன்கள் அதன் சுவர்களில் நாஜிகளின் ஸ்வஸ்திகச் சின்னத்தையும் வெள்ளையர் ஆதிக்கக் கோஷத்தையும் எழுதிவைத்தார்கள். விசாரித்ததில், அந்தச் சின்னம் எத்தனை லட்சம் பேருடைய சாம்பலைக் குறிக்கிறது என்பதை அவர்கள் உணர்ந்திருக்கவில்லை என்று தெரிந்தது. சர்க்கார் தரப்பு வக்கீலாயிருந்த பெண்மணி, அவர்களைப் படிக்க வைக்க வேண்டும் என்றார். கோர்ட்டார் 2017-ல் அப்படியே உத்தரவிட்டார்கள்: குறித்த ஜாபிதாவிலிருந்து மாதம் ஒரு புத்தகம் வீதம் ஒரு வருஷம் படித்து எழுதிக் கொடுக்க வேண்டும், யூதர் படுகொலையைப் பற்றிய வாஷிங்டன் காட்சிச் சாலைக்குப் போய்வர வேண்டும்.

புனாவின் 300 வார்த்தைக்கும் இதற்கும் வித்தியாசத்தை நேயர்கள் பார்க்கலாம். ஒன்று, அன்றைக்கே எழுதி முடித்துவிடக்கூடிய வேலை. மற்றொன்று, ஒரு வருஷ காலம் பிறர் துயரத்தோடு குடியிருப்பது. என்றாலும் இதிலும் ஒரு குறை உண்டென்பது நமது அபிப்பிராயம். புத்தகம் படித்ததோடு, அந்தச் சுவரை வெள்ளையடிக்கும் மட்டையும் அவர்கள் கையிலேயே கொடுக்கப்பட்டிருக்க வேண்டும். கெடுத்த கை சீர்ப்படுத்தாதவரையில் பாடம் பாதிதான்.

இதெல்லாம் நம் தேசத்துக்குப் பொருந்துமா? 'நமக்கென்ன புதிது, கிராமப் பஞ்சாயத்து இதைத்தானே செய்துவந்தது?' என்று சொல்லும் நண்பர்கள் இருக்கிறார்கள். அவர்களை நாம் எச்சரிக்க விரும்புகிறோம். நம் கிராமப் பஞ்சாயத்து நல்ல ராஜிகளும் செய்திருக்கிறது; ஏழைப் பையனை மரத்தில் கட்டிவைத்தும் இருக்கிறது; காலில் விழச் சொல்லியும் இருக்கிறது. விழுந்தவன் எந்த ஜாதி, விழச் சொன்னவன் எந்த ஜாதி என்பதை விளக்க வேண்டியதில்லை. சேரிப் பிள்ளை உடைத்த கண்ணாடிக்கு ஊர் முழுவதும் நியாயாதிபதியாகி உட்காருமானால் அது நாம் சொல்லும் முறையல்ல. சந்திப்பு இளைஞர் நீதிக் குழுமத்தின் மேற்பார்வையில்தான் நடக்க வேண்டும். பையனுக்கும் அவன் தாய் தகப்பனுக்கும் அச்சமில்லாமல் பேச இடமிருக்க வேண்டும். நஷ்டமடைந்தவர் இஷ்டப்பட்டால்தான் வரவேண்டும்.

மன்னிப்புக் கேட்பது வேறு, அவமானப்படுத்துவது வேறு. இக்காலத்தில் ஒரு புது வழக்கம் கிளம்பியிருக்கிறது. பிடிபட்ட வாலிபர்களைத் தோப்புக்கரணம் போடவைத்து, 'இனிமேல் செய்யமாட்டோம்' என்று சொல்லவைத்து, அதைக் கைப்பேசியில் படம் பிடித்து உலகமெங்கும் பரப்புகிறார்கள். பார்க்கிறவர்களுக்கு அது வேடிக்கை. குற்றம் செய்த சிறுவனின் பெயரையோ படத்தையோ வெளியிடக் கூடாது என்று இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-வது பிரிவு சொல்வது எத்தனை பேருக்கு ஞாபகமிருக்கிறது? எல்மைராவில் அந்த வாலிபர்கள் தலைகுனிந்தது தங்களால் துன்பமடைந்தவர்கள் முன்னால். அந்தக் குனிவு சில மாதங்களில் பணம் செலுத்தியதும் நிமிர்ந்தது. கைப்பேசியில் குனிந்த தலை நிமிர்வதற்கு வழியே கிடையாது. வேலை கேட்கப் போகும் இடத்திலும், பெண் கேட்கப் போகும் வீட்டிலும் அது குனிந்தபடியே இருக்கும்.

நமது நியாயஸ்தலங்களுக்கும் இந்த எண்ணம் முற்றிலும் அந்நியமல்ல. 2019-ல் குடித்துவிட்டுக் கல்லூரிக்கு வந்த மாணவர் எண்மரைப் பற்றிய வழக்கில், அவர்கள் சுதந்திர தினத்தன்று விருதுநகரில் காமராஜர் வாழ்ந்த இல்லத்தைச் சுத்தம் செய்து, மதுவுக்கு விரோதமாகப் பிரசாரமும் செய்ய வேண்டும் என்று ஹைக்கோர்ட்டின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. 2024 ஜூலை முதல் தேதியிலிருந்து அமுலுக்கு வந்திருக்கும் பாரதீய நியாய சன்ஹிதா, சிறு குற்றங்கள் சிலவற்றுக்குச் சமூக சேவையை ஒரு தண்டனையாகவே சேர்த்திருக்கிறது. 5,000 ரூபாய்க்குக் குறைந்த திருட்டு முதல் தடவையானால் அதற்கு உண்டு, குடித்துவிட்டுத் தெருவில் கலாட்டா செய்வதற்கு உண்டு, அவதூறுக்குக்கூட உண்டு. ஆனால் சொத்து நாசத்தைப் பற்றிய 324-வது பிரிவில் மட்டும் அது இல்லை. அங்கே பழையபடி சிறையும் அபராதமுந்தான். சமூக சேவை என்ற தண்டனை எந்தக் குற்றத்துக்கு மிகவும் இயற்கையாகப் பொருந்துமோ, அந்தக் குற்றத்தை விட்டுவிட்டு மற்றவற்றுக்கு வைத்திருக்கிறார்கள். 18 வயதைத் தாண்டிய கல்லூரி வாலிபன் சர்க்கார் பஸ்ஸின் கண்ணாடியை உடைத்தால் அவனுக்குச் சமூக சேவை விதிக்க இந்தப் பிரிவு இடம் தரவில்லை. இதைத் திருத்தும்படி பார்லிமெண்டில் நம் பிரதிநிதிகள் கேட்க வேண்டும்.

18 வயதுக்கு உட்பட்டவர்கள் விஷயத்தில் சட்டம் தடையாக இல்லை. தடையாக இருப்பது நாம்தான். குழுமத்தார் ஒரு பையனுக்குச் சமூக சேவை விதிக்க விரும்பினால், அவனை ஏற்றுக்கொண்டு மேற்பார்க்க ஒரு ஸ்தாபனமோ, குழுமம் குறிப்பிடும் நபர்களோ வேண்டும். சட்டமும் அப்படியே சொல்கிறது. எந்த ஸ்தாபனம் முன்வருகிறது? போலீஸ் பிடித்த பையன் என்றால் பள்ளிக்கூடமே வாசலைச் சாத்துகிறது. ஆகவே குழுமத்தார் கண்டித்து அனுப்புவதோடு நிற்கிறார்கள். அல்லது பையன் விசாரணை முடியும்வரை கூர்நோக்கு இல்லத்தில் தன்னைவிடத் தேர்ந்தவர்களோடு பழகுகிறான். அபராதம் விதித்தால் கூலி வேலை செய்யும் தாய் கடன் வாங்கிக் கட்டுகிறாள். எறிந்த கைக்கு அதனால் என்ன தெரியும்?

ரயில்வே நிர்வாகத்தார் மனம் வைத்தால் இதற்கு வழி உண்டு. உடைந்த கண்ணாடிகளை மாற்றும் பணிமனைகள் அவர்களிடம் இருக்கின்றன. அபாயமான வேலை எதுவும் கொடுக்க வேண்டாம். ஒரு கண்ணாடியைக் கழற்றி மாற்ற எத்தனை பேர், எத்தனை மணி நேரம் பாடுபடுகிறார்கள் என்பதை ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் பக்கத்தில் நின்று பார்த்து, துடைத்துக் கூட்டிப் பெருக்கட்டும். அந்த வண்டியை ஓட்டிவந்த எஞ்சின் டிரைவர் ஒரு மணி நேரம் அவனோடு உட்கார்ந்து, கல் வந்து மோதிய கணத்தில் தமக்கு என்ன நேர்ந்தது என்று சொல்லட்டும். காயமடைந்த பிரயாணி சம்மதித்தால் அவரும் சொல்லட்டும். இந்த யோசனையை அதிகாரிகள் பைத்தியக்காரத்தனம் என்று ஒதுக்கலாம். 1974-ல் எல்மைரா விஷயத்திலும் அந்த அதிகாரியே தம் யோசனை ஏற்கப்படும் என்று எதிர்பார்க்கவில்லை.

ஊர்தோறும் உள்ள வாசகசாலைகள், வாலிபர் சங்கங்கள், கட்சிக் கிளைகள் இவற்றைச் சேர்ந்தவர்களைக் கேட்கிறோம்: உங்கள் ஜில்லாவில் இளைஞர் நீதிக் குழுமம் எந்தக் கட்டடத்தில், எந்த நாட்களில் கூடுகிறது என்று உங்களுக்குத் தெரியுமா? அதிலுள்ள சமூக ஊழியர் இருவர் யாரென்று தெரியுமா? அவர்களிடம் போய், 'எங்கள் சங்கம் இரண்டு பையன்களை ஆறு மாதம் ஏற்றுக்கொள்ளும். நாங்கள் மேற்பார்க்கிறோம்' என்று எழுதிக் கொடுக்கும் கிளை நமக்குத் தெரிந்தவரை மிக அரிது. போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் நம்மவனை விடுவித்து வரும் சாமர்த்தியம் நம் தொண்டர்களுக்கு ஏராளமாக உண்டு. அவனை வேலைக்கு அழைத்துப் போய், மாலையில் கணக்குக் கேட்கும் பொறுமையைத்தான் இப்போது வேண்டுகிறோம்.

இந்தியாவிலேயே சிறுவர்களுக்கென்று தனிச் சட்டம் முதன்முதல் செய்தது 1920-ல் சென்னை ராஜதானி. வங்காளமும் பம்பாயும் பின்னால்தான் வந்தன. அந்தக் கௌரவத்துக்கு உரிய ராஜ்யத்தில், சென்ற ஐந்து வருஷங்களில் இளைஞர் நீதிக் குழுமங்கள் சொத்து நாசக் குற்றங்களுக்காக எத்தனை பேருக்குச் சமூக சேவை விதித்தன, அவர்களை ஏற்ற ஸ்தாபனங்கள் எவை, எத்தனை பேர் அதை முடித்தார்கள், முடித்தவர்களில் எத்தனை பேர் மறுபடியும் பிடிபட்டார்கள் என்ற கணக்கை ஜில்லாவாரியாகச் சர்க்கார் சட்டசபையின் முன் வைக்க வேண்டும். எந்தக் கட்சியைச் சேர்ந்த அங்கத்தினராயினும் அடுத்த கூட்டத்திலேயே இந்தக் கேள்வியை எழுப்பலாம்.